சின்ன விளையாட்டுக் கடையில் ஒரு டெமோ மேசை

கேரம் போர்டு வாங்கப் போகிறவர் யாரும் கடைக்காரரிடம் "இதை எப்படி ஆடுவது?" என்று கேட்பதில்லை. சிவப்புக் காயைப் போட்டால் கையோடு இன்னொரு காயையும் போட்டாக வேண்டும் என்பது, யாரோ ஆடும்போது பின்னால் நின்று வேடிக்கை பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். தாயம், பரமபதம், பல்லாங்குழி எல்லாமே அப்படி வந்தவை. பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா. விதிமுறைத் தாளைப் படித்து ஆடக் கற்றவர்கள் நம்மில் அநேகமாக இல்லை. அதனால் கேரம் விற்பவருக்கு வேலை சுலபம். பலகையைத் தடவிப் பார்க்கிறோம், ஸ்ட்ரைக்கரை ஒருமுறை சுண்டிப் பார்க்கிறோம், விலை படிந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு சிறிய போர்டு கேம் கடைக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான பெட்டிகள். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். முன்பக்கம் ஓர் அழகான ஓவியம், பின்பக்கம் நாலு வரி விளக்கம், ஓரத்தில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், எந்த வயது என்ற குறிப்பு. உள்ளே இருப்பதோ, வாங்க வந்தவருக்கும் தெரியாத, அவர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத விளையாட்டு. அதைச் சொல்லித்தரத் தெருவில் யாரும் இல்லை. விலை 40 டாலர், 50 டாலர். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார், திரும்ப அதே இடத்தில் வைப்பார், அடுத்த பெட்டியை எடுப்பார். பத்து நிமிடத்தில் ஒன்றும் வாங்காமல் வெளியே போய்விடுவார்.

அவரைப் பிடித்து நிறுத்தத்தான் டெமோ. ஒரு பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பி, வந்தவரையே சில நிமிடம் ஆட வைப்பது. இதை ஒரு விளம்பர உத்தியாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாம்பழக்காரர் ஒரு கீற்று அறுத்துக் கொடுப்பதைப் போலத்தான் இது. கொடுப்பது சரக்கில் ஒரு துண்டு. பழத்தை நாக்கு சொல்லும், விளையாட்டைக் கை சொல்லும். சிக்கல் என்னவென்றால், சிறு கடைகள் பலவற்றில் இந்தக் கீற்று மிகப் பெரிதாக அறுக்கப்படுகிறது. வாங்க வந்தவருக்கு ஒரு வாய்க்குப் பதில் முழுப் பழத்தையும் திணிக்கிறார்கள்.

காட்டினால்தான் விற்கும் சரக்குகள்

போர்டு கேமுக்கு முன்பே இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட சரக்குகள் உண்டு. டப்பர்வேர் டப்பாக்கள் அமெரிக்கக் கடைகளில் முதலில் சரியாகப் போகவில்லை. மூடியை அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். அது தெரியாமல் வாங்கியவர்கள் மூடி பொருந்தவில்லை என்று நினைத்தார்கள். பிரவுனி வைஸ் என்ற பெண் வீடு வீடாகக் கூட்டம் சேர்த்து மூடிக் காட்டி விற்றுக் குவிப்பதைப் பார்த்த எர்ல் டப்பர், 1951-இல் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு, வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்கும் முறைக்கு மாறினார்.

விளையாட்டிலேயே ஓர் உதாரணம் வேண்டுமென்றால் ட்விஸ்டர். தரையில் விரித்த பாயில் வண்ண வட்டங்கள். சுழற்றும் முள் காட்டும் நிறத்தில் கையையோ காலையோ வைக்க வேண்டும். பெட்டியைப் பார்த்தால் இதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று புரியாது. பெரியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழும் விளையாட்டா என்று கடைக்காரர்கள் தயங்கினார்கள். 1966 மே 3 அன்று அமெரிக்காவில் ஜானி கார்சன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடிகை ஈவா கபோருடன் அந்தப் பாயில் இறங்கி ஆடினார். பார்வையாளர்கள் சிரித்த சிரிப்பில் நாட்டுக்கே விளையாட்டு புரிந்துவிட்டது. அடுத்த ஓராண்டில் சுமார் 30 லட்சம் பெட்டிகள் விற்றன.

ஆனால் ஒரு சிறு கடைக்கு ஜானி கார்சன் கிடைக்க மாட்டார். அந்த வகையில், ஒருவர் வரைவதைப் பார்த்து மற்றவர்கள் சொல்லைக் கண்டுபிடிக்கும் பிக்‌ஷனரியின் கதை இன்னும் பொருத்தம். சியாட்டிலில் உணவகப் பணியாளராக இருந்த ராப் ஏஞ்சல் 1985-இல் முதல் 1,000 பெட்டிகளைத் தன் வீட்டிலேயே கோத்து அடுக்கினார். விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. கடைகளில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவர் கையில் பென்சிலைக் கொடுத்து வரைய வைத்தார். ஒருவர் வரைய, மற்றவர்கள் கத்த, சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் கூட, அந்தக் கூட்டமே விளம்பரமானது. அவர் விதிமுறையை விளக்கி விற்கவில்லை. பென்சிலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். டெமோ பற்றி நான் படித்ததிலும் பார்த்ததிலும் மிக முக்கியமான விஷயம் இதுதான்.

மேசையில் என்ன நடக்க வேண்டும்

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய கடையில் ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் இருந்த இளைஞர் ஆர்வமாக வந்து, "இது அருமையான கேம், சொல்கிறேன் உட்காருங்கள்" என்றார். சொன்னார். இருபத்தைந்து நிமிடம் சொன்னார். மரம் எடுத்தால் என்ன, கல் எடுத்தால் என்ன, நாலாவது சுற்றில் மட்டும் வரும் விதிவிலக்கு என்ன என்று ஒன்றையும் விடவில்லை. கடைசிவரை நான் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வாங்காமல் வந்தேன். அந்த இளைஞருக்கு விளையாட்டின் மேல் இருந்த காதலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் எனக்குக் கொடுத்தது ஒரு பாட வகுப்பு. வீட்டுக்குப் போய் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இதே வகுப்பை நான் எடுக்க வேண்டுமே என்ற பயம்தான் எனக்கு மிஞ்சியது.

வாங்குகிறவர் மனதில் ஓடும் உண்மையான கேள்வி அதுதான். "இது நல்ல கேமா?" என்பதைவிட, "இதை நான் என் வீட்டில் சொல்லிக் கொடுத்துவிட முடியுமா?" என்பது. டெமோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்தில் கடைக்காரர் சொல்லிப் புரிந்தால், வாடிக்கையாளர் தன்னால் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியும் என்று நம்புவார். இருபத்தைந்து நிமிடம் ஆனால் அந்த நம்பிக்கை போய்விடும்.

அப்படியென்றால் எதைச் சொல்வது? மூன்று விஷயம் போதும். நீங்கள் யார், எப்படி ஜெயிப்பீர்கள், உங்கள் முறை வந்தால் என்ன செய்யலாம். 2004-இல் வந்த டிக்கெட் டு ரைடை எடுத்துக்கொள்வோம். "நீங்கள் ரயில் பாதை பிடிக்கிறீர்கள். கையில் இருக்கும் பயணச்சீட்டில் உள்ள இரண்டு ஊர்களை இணைத்தால் புள்ளி. உங்கள் முறையில் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: வண்ண அட்டை எடுக்கலாம், ஒரு பாதையைப் பிடிக்கலாம், புதிய சீட்டு எடுக்கலாம். எடுங்கள்." அரை நிமிடம்கூட ஆகாது. மிக நீளமான பாதைக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பதையெல்லாம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது, விளையாட்டை எங்கிருந்து தொடங்குவது. முதல் சுற்றிலிருந்து தொடங்குவது தவறு. பெரும்பாலான விளையாட்டுகளின் முதல் சில சுற்றுகள் வெறும் முன்னேற்பாடு. அனுபவமுள்ள கடைக்காரர்கள் பலகையைப் பாதி ஆட்டம் முடிந்த நிலையில் அடுக்கி வைப்பார்கள். டிக்கெட் டு ரைடில் பல பாதைகளில் ஏற்கெனவே ரயில்கள் நிற்கும். வாடிக்கையாளருக்குத் தேவையான ஊருக்குப் போக ஒரே ஒரு குறுகிய பாதை மிச்சம் இருக்கும். எதிராளியும் அதைக் கண் வைத்திருப்பது தெரியும். இப்போதே அதைப் பிடிப்பதா, வேறொரு நீளமான பாதைக்காக இன்னும் ஓர் அட்டை எடுப்பதா? உட்கார்ந்த ஒரே நிமிடத்தில் அவர் மனம் தவிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தவிப்புதான் சரக்கு.

அப்புறம் நிறுத்துவது. இதுதான் கடினம். ஆட்டம் சூடு பிடிக்கும்போது, "இதற்கு மேல் என்ன ஆகும் என்பது புரிகிறதல்லவா?" என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். ஆட்டத்தை முடித்துவிட்டால் ஆசையும் முடிந்துவிடுகிறது. எழுந்து போகும்போது அவர் மனதில் பாதி ஆட்டம் மிச்சம் இருக்க வேண்டும். பாதியில் நிறுத்துவதால் யார் ஜெயித்தார் என்ற பிரச்சினையும் எழாது. கடைக்காரர் தன் திறமையைக் காட்டி ஜெயித்துவிட்டால் வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார், ஆனால் திரும்பி வர மாட்டார். வேண்டுமென்றே தோற்றாலும் தெரிந்துவிடும், குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

எல்லா விளையாட்டுக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. 2009-இல் பிரான்சில் வந்த டாபிள் என்ற அட்டை விளையாட்டு, டெமோவுக்காகவே பிறந்தது போல இருக்கும். மொத்தம் 55 வட்ட அட்டைகள், ஒவ்வொன்றிலும் 8 படங்கள். எந்த இரண்டு அட்டைகளை எடுத்தாலும் அவற்றுக்குள் ஒரே ஒரு படம்தான் பொதுவாக இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு அட்டைகளைத் திறந்து வைத்து, "இரண்டிலும் இருக்கும் ஒரே படம் எது?" என்று கேட்டால் போதும். பணம் கொடுக்க வரிசையில் நிற்பவர் தேடத் தொடங்குவார், அவர் பிள்ளை முந்திக் கண்டுபிடித்துக் கத்தும். இருபது நொடி. இப்படிப்பட்ட விளையாட்டு ஒன்று கல்லாவில், பத்து நிமிடத்தில் ருசி காட்டும் விளையாட்டு இரண்டு மேசையில். ஒரு சிறு கடைக்கு இதற்கு மேல் பிரித்து வைக்கத் தேவையில்லை.

"இரண்டு மட்டுமா?" என்று கேட்கலாம். 2000-இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் ருசி பார்க்கும் மேசை போட்டார்கள். 24 வகை ஜாம் வைத்தபோது கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள், நின்றவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் இதேபோல நடந்த பல ஆய்வுகளை 2010-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்றே வந்தது. நான் இரண்டு மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் அதைவிட நடைமுறையானது. கடையில் இருப்பவர் ஒருவரோ இருவரோ. அவர்களால் நன்றாகக் காட்டக்கூடிய விளையாட்டு மூன்றுக்கு மேல் ஒரே வாரத்தில் இருக்காது. வாரா வாரம் மாற்றினால் வழக்கமாக வருபவர்களுக்கும் புதிதாக ஏதோ இருக்கும்.

மேசை போடும் இடமும் முக்கியம். கடையின் பின்னறையில் போட்டால் ஏற்கெனவே விளையாட்டுப் பித்து பிடித்தவர்கள்தான் வருவார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும். நின்றபடியே ஆடும் உயரம் நல்லது. நாற்காலியில் உட்காரச் சொன்னால் "நேரமில்லை" என்று நகர்பவர்கள், நின்றபடி ஓர் அட்டையை எடுக்கத் தயங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், காட்டும் விளையாட்டின் பிரிக்காத பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கியிருக்க வேண்டும். அருமையாக டெமோ காட்டிவிட்டு "ஸ்டாக் அடுத்த வாரம் வரும்" என்று சொல்லும் கடை, அந்த வாடிக்கையாளரைத் தன் கையாலேயே இணையக் கடைக்கு அனுப்பி வைக்கிறது.

கையில் எடுப்பது சும்மா இல்லை. 2009-இல் ஜோன் பெக், சூசன் ஷூ இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது தன்னுடையது என்ற உணர்வு கூடியது. அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று, படிக்கட்டில் தானே இறங்கும் அந்தச் சுருள்கம்பி பொம்மை. அதனால் டெமோவில் அட்டையைக் கலைப்பது, காயை வைப்பது, பகடை உருட்டுவது எல்லாம் வாடிக்கையாளர் கையில்தான் நடக்க வேண்டும். அவசரத்துக்குக்கூடக் கடைக்காரர் அவருக்காகக் காயை நகர்த்தக் கூடாது.

கணக்கு பார்த்தால்

கடை முதலாளிகள் டெமோவைத் தவிர்ப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, ஊருக்கு ஊர் மாறும். ஒரு பெட்டியின் விலை 40 டாலர். மொத்த வியாபாரியிடம் 45 சதவீதத் தள்ளுபடியில் வாங்கினால் கடைக்கு அது 22 டாலருக்கு வருகிறது. ஒரு பெட்டி விற்றால் கையில் நிற்பது 18. டெமோவுக்காக ஒன்றைப் பிரித்துவிட்டால் 22 டாலர் போயிற்று. கூடுதலாக இரண்டு பெட்டி விற்றால் அது திரும்பி வந்துவிடும். இது பெரிய செலவில்லை, டெமோ பிரதிகளைச் சலுகை விலையில் கொடுக்கும் வெளியீட்டாளர்களும் உண்டு.

பெரிய செலவு ஆளின் நேரம். மணிக்கு 15 டாலர் சம்பளம் என்றால் பத்து நிமிட டெமோவுக்கு இரண்டரை டாலர். நாலு டெமோவில் ஒன்று விற்பனையாக முடிந்தால், அந்த ஒரு விற்பனைக்கு 10 டாலர் சம்பளம் போயிருக்கிறது. 18-இல் மிச்சம் 8. அதே டெமோ இருபத்தைந்து நிமிடமாக நீண்டால் நாலு டெமோவுக்கு 25 டாலர், அதாவது விற்க விற்க நஷ்டம். சுருக்கமாகக் காட்டுவது கலை மட்டுமில்லை, கடை பிழைக்கும் வழியும்கூட என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

கணக்கை மாற்றுவது இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆள் சும்மா இருக்கும் நேரம். செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் கூட்டமில்லாதபோது காட்டும் டெமோவுக்குத் தனிச் செலவு கிடையாது. இன்னொன்று, ஒரே நேரத்தில் எத்தனை பேர். சனிக்கிழமை கூட்டத்தில் நாலு பேரை ஒரே மேசையில் சேர்த்தால் தலைக்கு ஆகும் செலவு கால்வாசி. முன்பின் தெரியாத நாலு பேரைச் சேர்க்கக் கோட்நேம்ஸ் போன்ற விளையாட்டு நன்றாக உதவும். மேசையில் 25 சொற்கள், ஒருவர் ஒரே ஒரு சொல்லைத் துப்பாகக் கொடுக்க, கூட்டாளி எந்தெந்தச் சொற்கள் என்று ஊகிக்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்து சேரலாம், ஒருவர் போகலாம், ஆட்டம் நிற்காது.

பலன் இருக்கிறதா என்று பார்க்கும்போது ஒரு தவறு சகஜமாக நடக்கிறது. டெமோ வைத்த விளையாட்டு வாரத்துக்கு ஒன்று விற்றது, இப்போது ஆறு விற்கிறது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்த ஆறு பேரில் நாலு பேர் எப்படியும் ஏதாவது ஒன்றை வாங்கத்தான் வந்திருப்பார்கள். வேறொரு பெட்டிக்குப் போக வேண்டிய பணம் இந்தப் பெட்டிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது கடையின் மொத்த விற்பனை. அதைவிட முக்கியமாக, முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பது. ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினாலே இது தெரிந்துவிடும்.

ஓசிச் சவாரி

சிறு கடைக்காரர்களை உண்மையில் வாட்டும் விஷயம் இன்னொன்று. கடையில் அரை மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, அங்கேயே போனை எடுத்து, இணையத்தில் 28 டாலருக்கு ஆர்டர் போடுபவர்கள். டெமோவின் செலவு கடைக்காரருக்கு, விற்பனை இணையக் கடைக்கு. பொருளியலில் இது பழைய பிரச்சினை. லெஸ்டர் டெல்சர் 1960-இலேயே இதை எழுதினார்: விளக்கிக் காட்டும் கடை ஒருபுறம், எதையும் காட்டாமல் மலிவாக விற்கும் கடை மறுபுறம் இருந்தால், காட்டும் கடை நாளடைவில் காட்டுவதை நிறுத்திவிடும். அதனால்தான் சில தயாரிப்பாளர்கள் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க விரும்புகிறார்கள் என்றார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-இல் அப்படி நிர்ணயிப்பதை நேரடியாகவே சட்டவிரோதம் என்றது. 2007-இல் லீஜின் என்ற தோல்பொருள் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றியது. இனி ஒவ்வொரு வழக்கிலும் நன்மை தீமையை எடைபோட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ஓசிச் சவாரியும் ஒன்று. பொருளை இயக்கிக் காட்டி, விவரம் தெரிந்த ஊழியர்களை வைத்திருக்கும் கடையில் பார்த்துவிட்டு, அந்தச் செலவு எதுவும் செய்யாத கடையில் மலிவாக வாங்கிவிடுகிறார்கள் என்பது வாதம். வழக்கு கைப்பைகளும் பெல்ட்டுகளும் பற்றியது. ஆனால் படிக்கும்போது நம் டெமோ மேசை அப்படியே கண்முன் வருகிறது. போர்டு கேம் உலகத்திலும் இந்த இழுபறி உண்டு. அஸ்மோடே என்ற விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவு 2016-இல், நேரடிக் கடைகளுக்குத் தனி விதிமுறை, இணைய விற்பனைக்குத் தனி விதிமுறை என்று பிரித்தது. ஐரோப்பாவில் குறைந்தபட்ச விலையைத் தயாரிப்பாளர் திணிப்பது இன்னமும் தடைசெய்யப்பட்டது. ஜெர்மனியில் புத்தகங்களுக்குச் சட்டப்படியே நிலையான விலை உண்டு, அதே கடையில் பக்கத்து அலமாரியில் இருக்கும் விளையாட்டுப் பெட்டிக்கு அது கிடையாது.

சட்டம் எப்படி இருந்தாலும், தனிக் கடைக்காரர் இதற்கென்று நீதிமன்றம் போக முடியாது. அவரிடம் இருப்பது அந்த நிமிடம். ஆடி முடித்த கையோடு, ஆசை ஆறுவதற்குள், பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பலர் 12 டாலர் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. "வீட்டில் ஆடும்போது ஏதாவது புரியவில்லையென்றால் கடைக்கு போன் பண்ணுங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும் கடையிடம் திரும்பி வருகிறவர்களும் உண்டு. போனில் ஓசிச் சவாரி செய்பவர்களைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு டெமோவையே நிறுத்திவிடும் கடைக்காரர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் காட்டுவதை நிறுத்திவிட்டால், கடைக்கும் கிடங்குக்கும் இருக்கும் ஒரே வித்தியாசத்தையும் அவர்கள் விட்டுக் கொடுக்கிறார்கள்.

யார் காட்டுவது?

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1983 முதல் நடக்கும் ஷ்பீல் என்ற போர்டு கேம் கண்காட்சிக்கு 2019-இல் நான்கு நாளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வருபவர்கள் புதிய விளையாட்டுகளை மேசையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்து வாங்கலாம். அங்கே விளையாட்டைச் சொல்லித்தருபவரை ஜெர்மானியர் செல்லமாக "எர்க்லேர்பேர்" என்பார்கள். விளக்கும் கரடி என்று பொருள். பொறுமையாக, அன்பாக, நாள் முழுக்க அதே விளையாட்டை நூறு பேருக்குச் சொல்பவர்.

இங்கிலாந்தில் 1975-இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன் கடைகளையே இதைச் சுற்றிக் கட்டியிருக்கிறது. உலகெங்கும் 500-க்கு மேல் கடைகள், பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் ஊழியர். உள்ளே வரும் சிறுவன் கையில் ஒரு குட்டிப் படைவீரன் பொம்மையையும் தூரிகையையும் கொடுத்து, "வண்ணம் தீட்டு, எடுத்துக்கொண்டு போ" என்பார்கள். பிறகு ஒரு சின்ன ஆட்டம். தன் கையால் தீட்டிய வீரனோடு வீட்டுக்குப் போகிற சிறுவன் அடுத்த வாரமும் வருவான்.

தனிக் கடைகளுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்காகவே சில வெளியீட்டாளர்கள் தொண்டர்களைத் திரட்டினார்கள். ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ், லூனி லேப்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் விளையாட்டுகளை நேசிப்பவர்கள் உள்ளூர்க் கடைக்கு வந்து ஆடிக் காட்டினார்கள். கூலி பெரும்பாலும் விளையாட்டுப் பெட்டிகளாகவே கிடைத்தது. கடைக்காரருக்கு இது இலவச உதவி. ஒரு குறை உண்டு: தொண்டருக்கு அந்த ஒரு விளையாட்டின் மேல்தான் பாசம். வந்தவர் ஏழு வயதுப் பெண்ணோடு நிற்கிறார், அவருக்கு வேறொன்று பொருந்தும் என்பதைக் கடையில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மேசையில் காட்டிவிடவும் முடியாது. 2017-இல் வந்த குளூம்ஹேவன் பெட்டியின் எடையே சுமார் 10 கிலோ. நூறு மணி நேரம் ஆடினாலும் தீராது. பேண்டமிக் லெகசி போன்றவற்றில் கதைதான் சரக்கு, திறந்து காட்டினால் கெட்டுப்போகும். இவற்றுக்கு ஏற்கெனவே ஆடியவர் ஒருவரின் பேச்சுதான் உதவும். அதேபோல, மேஜிக் என்ற சீட்டு விளையாட்டுக்காகக் கடைகளில் 2000-இல் தொடங்கிய வெள்ளிக்கிழமை இரவுகளை டெமோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை ஏற்கெனவே ஆடுகிறவர்களைத் தக்கவைப்பவை. அவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடைக்குள் புதிதாக வரும் ஒரு குடும்பம் தயங்கி வெளியே நிற்பதும் உண்டு. வெள்ளி இரவு அவர்களுக்கு, சனி மதியம் புதியவர்களுக்கு என்று பிரித்து வைப்பது நல்லது.

திரை வழியாகக் காட்டுவதும் வளர்ந்துவிட்டது. 2012-இல் நடிகர் வில் வீட்டன் நண்பர்களோடு விளையாடிக் காட்டிய இணையத் தொடரில் வந்த விளையாட்டுகள், கடைகளில் தீர்ந்துபோகத் தொடங்கின. இப்போது சிறு கடைகளே நேரலையில் சீட்டுப் பாக்கெட்டுகளைப் பிரித்து ஏலம் விடுகின்றன. சேகரிப்பாளர்களிடம் அது நன்றாகப் போகிறது, ஏனென்றால் அங்கே விற்பது அரிய சீட்டு கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு. குடும்பத்தோடு ஆடும் பெட்டிக்கு அது கைகொடுக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பார்ப்பவருடைய கையில் அட்டை இல்லை.

நம் ஊரிலும் இப்போது இதே தேவை வந்துவிட்டது, அதுவும் நம் சொந்த விளையாட்டுகளுக்கே. பல்லாங்குழியின் 14 குழிகளில் எந்தக் குழியிலிருந்து எடுத்து எப்படிப் போவது என்பது பல வீடுகளில் மறந்துபோயிற்று. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-இல் தொடங்கிய கிரீடா நிறுவனம், ஆடு புலி ஆட்டத்தையும் பல்லாங்குழியையும் விற்பதோடு பட்டறைகள் நடத்திச் சொல்லியும் தருகிறது. பாட்டி செய்த வேலையை விற்பவரே செய்ய வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், டெமோ பிரதியை என்ன செய்வது? ஆறு மாதத்தில் அட்டைகளின் ஓரம் நைந்துவிடும், ஒன்றிரண்டு காய் தொலைந்திருக்கும். சில கடைகள் அதைக் குறைந்த விலைக்கு விற்கின்றன, சில பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கின்றன. கொடுப்பதற்கு முன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. எந்த அட்டைகள் அதிகம் அழுக்காகியிருக்கின்றன, எவை புதிது போலவே இருக்கின்றன என்று பார்த்தால், டெமோ வழக்கமாக எந்தச் சுற்றில் நின்றுபோனது என்பது தெரியும். அடுத்த பிரதியை அந்த இடத்திலிருந்து அடுக்கி வைக்கலாம்.